ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டும் உழைப்பும்

பல்கலைக்கழகமொன்றிலே பயிலும் மாணவன் ஒருவன் அப்பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து, இலட்சம் பேர் கட்டணஞ் செலுத்திப் பார்த்திருக்கப் பந்தாடுகின்றான். அவன் செய்வது கல்வியின் ஒரு கூறா, ஓய்வுநேரப் பொழுதுபோக்கா, அன்றி உழைப்பா? வினா எளிதாகத் தோன்றலாம். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் தொழிலுறவுச் சபைகளிலும் காங்கிரசிலும் வழக்காடப்பட்டு வந்துள்ளது. 2021ஆம் ஆண்டின் பின்னர் அது புதியதொரு கட்டத்தை அடைந்துள்ளது. அந்நாட்டுப் பத்திரிகைகள் இதனைப் பெரும்பாலும் ‘மாணவர்க்குப் பணங் கொடுக்கலாமா, கூடாதா’ என்ற விவாதமாகவே எழுதி வருகின்றன. நமது நோக்கில் பணம் இரண்டாவது விடயமே. உழைப்பவனுக்கு என்ன பெயர் சூட்டப்படுகின்றது, அப்பெயரின் துணைகொண்டு எவ்வுரிமைகள் அவனுக்கு மறுக்கப்படுகின்றன என்பதே முதலாவது. இக்கட்டுரையில் அதனை வரன்முறையாக நோக்க முயல்வோம்.

பல்கலைக்கழக விளையாட்டு என்றதும் மாலைவேளை மைதானமும் சக மாணவர் சிலரது கைதட்டலுமே நமது மனக்கண்முன் தோன்றும். அமெரிக்க நிலை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அரங்கு 1927இல் திறக்கப்பட்டது. இன்று அதில் 1,07,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். (அமெரிக்கர் ‘உதைபந்தாட்டம்’ என்பது நாம் அறிந்த ஆட்டமன்று, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரே வருவோரை மோதி வீழ்த்தி முன்னேறும் ஆட்டம் அது. இதனால் விளையும் காயங்களைப் பற்றிப் பின்னர் கூறவேண்டியிருப்பதால் இங்கேயே குறித்து வைக்கின்றோம்.) ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடைபெறும் ஆண்கள் கூடைப்பந்தாட்டப் போட்டித் தொடரின் ஒளிபரப்புரிமையைச் சி.பி.எஸ்., டேர்ணர் ஆகிய நிறுவனங்கள் 2010இல் பதினான்கு ஆண்டுகளுக்கு 10.8 பில்லியன் டொலருக்கு வாங்கின. 2016இல் அவ்வொப்பந்தம் மேலும் 8.8 பில்லியன் டொலருக்கு 2032 வரை நீடிக்கப்பட்டது. இத்தொகைகள் பேசப்பட்ட நாள்களில், ஆடியவர்களுக்குக் கிடைத்தது கல்விக்கட்டணம், உறையுள், உணவு, நூல்கள், சிறிதளவு கைச்செலவு ஆகியன மட்டுமே.

இந்நிலை நியாயமானதெனக் கொள்ளப்பட்டதற்கு ஆதாரமாக நின்றது ‘அமெச்சூர்’ என்னும் கொள்கை. பணத்துக்காக அன்றி விளையாட்டின்மீதுள்ள விருப்பினாலேயே விளையாடுபவன் உயர்ந்தவன் என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனியது. ஆயின் இக்கொள்கையின் பிறப்பிடத்தை நோக்குவோர்க்கு அதன் வர்க்க உள்ளடக்கம் புலப்படாமற் போகாது. இங்கிலாந்தின் ஹென்லி படகோட்டப் போட்டியை நடத்தியோர் 1879இல் வகுத்த விதியின்படி, கூலிக்கு வேலைசெய்யும் பொறியாளனோ கைவினைஞனோ தொழிலாளியோ அமெச்சூராகக் கருதப்படமாட்டான். அதாவது, படகோட்டிப் பணம் பெற்றவனை மட்டுமல்ல, எத்தொழிலிலாயினும் உடலை வருத்திப் பிழைப்பவனையே அவ்விதி ஒதுக்கியது. ஊதியம் வேண்டாதிருத்தல் உயர்ந்தோர் ஒழுக்கமாயிற்று; ஊதியம் வேண்டாதிருக்க இயன்றோர் யாவர் என்பது கேட்கப்படவில்லை. நமது நாட்டின் பழைய கல்லூரிகளுக்கும் இதே ஊற்றிலிருந்தே விளையாட்டு மரபு வந்து சேர்ந்தது. கொழும்பிலே றோயல் கல்லூரியினதும் புனித தோமையார் கல்லூரியினதும் முன்னோடிக் கிரிக்கெட் ஆட்டம் நடைபெற்றதும் அதே 1879இல் என்பது தற்செயலே எனினும், இரண்டும் ஒரே பண்பாட்டின் விளைவுகள் என்பது தற்செயலன்று.

இங்கிலாந்தில் இக்கொள்கை கனவான்களின் கவசமாயிருந்தது. அமெரிக்காவிலோ அது தொடக்கத்திலிருந்தே வணிகத்தோடு பிணைந்து வளர்ந்தது. 1852இல் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஏரியொன்றில் ஹாவார்ட், யேல் மாணவர்களிடையே நடைபெற்ற படகோட்டமே அந்நாட்டின் முதலாவது கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்பர். அப்பகுதிக்குப் பயணிகளை ஈர்க்க விரும்பிய புகையிரத நிறுவனம் ஒன்றே மாணவர்களின் செலவை ஏற்றுக்கொண்டது. எனவே, தூய்மையாயிருந்த கல்லூரி விளையாட்டைப் பிற்காலத்துப் பணம் வந்து கெடுத்தது என்ற புலம்பலுக்கு வரலாற்றுச் சான்று இல்லை. கெடுவதற்கு முற்பட்ட காலமென ஒன்று இருக்கவேயில்லை.

1905இல் உதைபந்தாட்ட மைதானங்களில் நேர்ந்த மரணங்கள் நாடெங்கும் கண்டனத்தை எழுப்ப, சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் தொடர்ச்சியாக 1906இல் உருவான அமைப்பே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கி வழங்கப்படுவது இதுவே. மாணவரின் உயிரைக் காப்பதற்கெனத் தோன்றிய சங்கம் நாளடைவில் மாணவரின் ஊதியத்தைத் தடுக்கும் சங்கமாக மாறிய வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. 1929இல் கார்னகி மன்றம் வெளியிட்ட விரிவான அறிக்கை, விதிகள் என்ன கூறினும் கல்லூரிகள் பல மறைமுகமாக ஆட்டக்காரருக்குப் பணமும் போலி வேலைகளும் கொடுத்து வந்தமையை அம்பலப்படுத்தியது. 1956இல் சங்கம் உண்மை நிலையுடன் சமரசஞ் செய்துகொண்டது. வறுமையையோ கல்வித் தகைமையையோ கருதாது, ஆட்டத்திறன் ஒன்றிற்காகவே புலமைப்பரிசில் வழங்கலாமென விதி செய்யப்பட்டது. புலமைக்குரிய பரிசில் புலமையைக் கருதாது வழங்கப்படும் வேடிக்கை இவ்வாறே ஆரம்பமாயிற்று.

இக்காலப்பகுதியிலேதான் நமது விடயத்துக்கு மையமான சொல் பிறந்தது. அதற்குக் காரணம் இலட்சியமன்று, வழக்கொன்று. டென்வர் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது முதுகில் காயமுற்ற எர்னெஸ்ட் நெமத் என்ற மாணவர் தொழிலாளர் நட்டஈடு கோரினார். அவருக்கு வளாகத்தில் வழங்கப்பட்ட சிறு வேலை அவர் ஆடுவதைப் பொறுத்தே வழங்கப்பட்டது என்பதைக் கண்ட கொலராடோ மாநில உயர் நீதிமன்றம், 1953இல் அவரைப் பல்கலைக்கழகத்தின் ஊழியரெனத் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளின் பின், அதே மாநிலத்தின் போர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் என்பவர் மைதானத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரது மனைவி நட்டஈடு கோரினார். 1957இல் அதே நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. கல்லூரி உதைபந்தாட்டத் தொழிலில் ஈடுபட்ட நிறுவனம் அன்று என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று.

இவ்விரு வழக்குகளின் இடைவெளியில் சங்கத்தின் தலைமையகம் வாளாவிருக்கவில்லை. 1951 முதல் 1987 வரை சங்கத்தின் நிர்வாகப் பணிப்பாளராயிருந்தவர் வோல்டர் பையர்ஸ். தாமும் சங்கத்தின் சட்டத்தரணிகளும் சேர்ந்தே ‘மாணவ விளையாட்டாளர்’ என்ற தொடரை ஆக்கியதாகவும், ஆட்டக்காரர் ஊழியரெனக் கொள்ளப்பட்டுவிடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணமெனவும், சங்கத்தின் விதிகளெங்கும் அத்தொடரைக் கட்டாயமாகப் புகுத்தியதாகவும் 1995இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதியுள்ளார். ஓய்வுபெற்றபின் அவர் அமைப்பையே கடுமையாகச் சாடுபவராக மாறினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. சொற்கள் மக்கள் வழக்கில் தோன்றுவதையும் புலவர் நாவில் தோன்றுவதையும் நாம் அறிவோம். நட்டஈட்டைத் தவிர்ப்பதற்கெனச் சட்டத்தரணிகளின் மேசையில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட சொல்லொன்று, எழுபதாண்டுகளின் பின்னும் பண்பாட்டுப் பெருமையின் தொனியோடு உச்சரிக்கப்படுவதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் காண்பதரிது.

அச்சொல் எதனைச் சாதித்தது என்பதற்கு ஓர் உடலைச் சான்றாகக் காட்டலாம். 1974இல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணிக்காக அலபாமாவுக்கு எதிராக ஆடிய கென்ற் வோல்ட்றெப் கழுத்தெலும்பு முறிந்து செயலிழந்தார். நட்டஈடு கோரிய அவரது வழக்கு நெடுங்காலம் இழுபட்டு, 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியரல்லர் என்ற முடிபை உறுதிசெய்ததோடு முடிந்தது. கூரையிலிருந்து விழுந்த மேசனுக்குரிய பாதுகாப்பு, இலட்சம் பேர் முன்னிலையில் விழுந்த ஆட்டக்காரனுக்கு இல்லை. பேரிடர்க் காப்புறுதி போன்ற ஏற்பாடுகளைச் சங்கம் பின்னர் செய்தது. 2024இல், மாணவர் கல்லூரியை விட்டபின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு விளையாட்டுக் காயங்களுக்கான மருத்துவச் செலவை ஏற்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயின் இவை சங்கம் விரும்பி அளித்தவை, ஆட்டக்காரர் உரிமையாகக் கோரிப் பெற்றவை அல்ல.

புலமைப்பரிசில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியாகவும் இயங்கிற்று. 1960களின் இறுதியில் கறுப்பின மாணவரின் எழுச்சி விளையாட்டு அரங்குகளுள்ளும் நுழைந்தது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் கைமுட்டியை உயர்த்தி நின்ற தொம்மி சிமித், ஜோன் கார்லொஸ் இருவரும் சான் ஹோசே மாநிலக் கல்லூரியோடு தொடர்புடையோர். 1969இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில், எதிரணிக் கல்லூரியை நடத்திய திருச்சபையின் இனப்பாகுபாட்டுக்கு எதிராகக் கறுப்புக் கைப்பட்டி அணிய விரும்பிய பதினான்கு கறுப்பின ஆட்டக்காரர் அணியிலிருந்தே நீக்கப்பட்டனர். அதுவரை நான்காண்டுகளுக்கு வழங்கத்தக்கதாயிருந்த புலமைப்பரிசிலை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாகச் சங்கம் 1973இல் மாற்றியது. பல்லாண்டுப் பரிசில் மீண்டும் அனுமதிக்கப்பட ஏறக்குறைய நாற்பதாண்டுகள் சென்றன. செலவுக் கட்டுப்பாடே காரணமென விளக்கம் கூறப்படலாம். எனினும், ஓராண்டுப் பரிசில் பெறும் மாணவன் பயிற்றுநரின் சொல்லை மீறுமுன் இருமுறை சிந்திப்பான் என்பது வெள்ளிடைமலை. உதைபந்தாட்டத்திலும் ஆண்கள் கூடைப்பந்தாட்டத்திலும் ஆடுவோரிற் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவராயும், பயிற்றுநரும் நிர்வாகிகளும் பெரும்பாலும் வெள்ளையராயும் இருந்து வரும் நிலையில் இவ்வதிகாரம் எவ்வாறு அனுபவிக்கப்பட்டது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பணம் வெள்ளமெனப் புகுந்தது 1984இன் பின்னரே. ஒக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில், உதைபந்தாட்ட ஒளிபரப்பைச் சங்கம் ஒன்றே கட்டுப்படுத்தியமை ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானது என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்களும் அவற்றின் கூட்டணிகளும் தத்தம் ஆட்டங்களைத் தாமே விற்கும் உரிமையைப் பெற்றன. அதே தீர்ப்பில், ஆட்டக்காரர்க்குப் பணங் கொடாமை போற்றத்தக்க மரபு என்ற வகையில் போகிற போக்கிலே சொல்லப்பட்ட கருத்தொன்று அடுத்த முப்பத்தேழு ஆண்டுகளுக்குச் சங்கத்தின் கேடயமாயிற்று. ஒரே தீர்ப்பு, நிறுவனங்களுக்குச் சந்தையையும் மாணவர்க்கு மரபையும் பங்கிட்டுக் கொடுத்தது!

சந்தை சென்ற திசையை அறியப் புவியியற் படமொன்றே போதும். 2024இல் லொஸ் ஏஞ்சலிசின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் நாட்டின் மத்திய மேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட கூட்டணியில் சேர்ந்தன. பசுபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்ட்டும் பேர்க்லியும் அத்திலாந்திக் கரைக் கூட்டணியில் இணைந்தன. நூற்றாண்டுக்கு மேலான வரலாறுடைய பசுபிக் கரைக் கூட்டணி இரண்டே பல்கலைக்கழகங்களுடன் எஞ்சிற்று. இவையெல்லாம் ஒளிபரப்பு வருவாய்க்காகச் செய்யப்பட்டவை என்பதை யாரும் மறைக்கவில்லை. தொலைக்காட்சிக்கு ஒரு பொருட்டேயல்லாத கரப்பந்தாட்ட மாணவியும் இப்பொழுது ஆட்டமொன்றுக்காகக் கண்டத்தைக் கடந்து சென்று, திரும்பி வந்து வகுப்பில் அமரவேண்டும்.

‘பெரும்பாலான விளையாட்டுத் திணைக்களங்கள் பற்றாக்குறையிலேயே இயங்குகின்றன, கொடுப்பதற்குப் பணமேது?’ என்பது நிர்வாகத்தினர் அடிக்கடி எழுப்பும் வாதம். பற்றாக்குறை உண்மையே. சிறிய பல்கலைக்கழகங்கள் பல அதனை ஈடுசெய்ய மாணவர் எல்லோரிடமும் விளையாட்டுக் கட்டணம் அறவிடுகின்றன. ஆனால் பங்குதாரரற்ற நிறுவனத்திலே மிகை வருவாய் இலாபமாகத் தோன்றுவதில்லை, செலவாகவே தோன்றும். ஆட்டக்காரனுக்குக் கொடுக்க இயலாத பணம் அரங்குகளாகவும் பயிற்றுநர் சம்பளமாகவும் உருமாறுகின்றது. மாநிலங்கள் பலவற்றில் அரச ஊழியருள் மிக உயர்ந்த ஊதியம் பெறுபவர் ஆளுநரல்லர், மருத்துவக் கல்லூரித் தலைவருமல்லர், அணிப் பயிற்றுநரே. 2023இல் டெக்சாஸ் ஏ. அண்ட் எம். பல்கலைக்கழகம் தன் உதைபந்தாட்டப் பயிற்றுநரைப் பதவி நீக்கியபோது, இனிமேல் அவர் பயிற்சி அளிக்காதிருப்பதற்காக, ஒப்பந்தப்படி 75 மில்லியன் டொலருக்கும் மேலாகக் கொடுக்க உடன்பட்டிருந்தது.

இனி, ‘மாணவ’ என்ற அடைமொழியை நோக்குவோம். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நம்மனோர்க்கு இதுவே நெஞ்சைச் சுடும் பகுதி. வட கரோலினாப் பல்கலைக்கழகம், சப்பல் ஹில், அந்நாட்டின் மதிப்புமிக்க பொதுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று. 2014இல் வெளியான விசாரணை அறிக்கையொன்று, 1993 முதல் 2011 வரை பதினெட்டு ஆண்டுகளாக அங்கே ஆபிரிக்க, ஆபிரிக்க அமெரிக்கக் கற்கைத் துறையில் நடைபெறாத வகுப்புகளுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டமையை வெளிப்படுத்தியது. விரிவுரை இல்லை, விரிவுரையாளரின் மேற்பார்வையும் இல்லை, இறுதியில் ஒரு கட்டுரை ஒப்படைத்தால் போதும். அவற்றுட் பலவற்றை மதிப்பிட்டவர் துறையின் அலுவலக உத்தியோகத்தரே. 3,100க்கு மேற்பட்ட மாணவர் இவ்வகுப்புகளைப் பெற்றனர். அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் பல்கலைக்கழக அணிகளைச் சேர்ந்தவர். ஆட்டக்காரர் ஆடும் தகுதியை இழக்காதிருக்கும் பொருட்டு, அவர்களது கல்வி ஆலோசகர்களே அவர்களை இவ்வகுப்புகளுக்கு அனுப்பிவைத்தனர்.

சங்கம் மூன்றாண்டுகளுக்கு மேலாக விசாரித்து, 2017இல் தண்டனை எதுவும் விதிக்க இயலாதென முடிவுசெய்தது. அவ்வகுப்புகள் விளையாட்டாளர்க்கு மட்டுமன்றி எல்லா மாணவர்க்கும் திறந்திருந்தன. ஆகவே விளையாட்டாளருக்கெனத் தனிச்சலுகை வழங்கப்பட்டதாகக் கூறமுடியாது என்பதே அதன் தருக்கம். மாணவனொருவனுக்கு இரவு உணவு வாங்கிக்கொடுத்தாலே குற்றங்காணும் விதித்தொகுப்பு, அவனுக்குக் கல்வியே கொடுக்கப்படாமையைக் குற்றமாகக் காணவில்லை. ஊதியத்துக்கு ஈடாகக் கல்வி வழங்கப்படுகின்றது என்பதுதானே இவ்வமைப்பின் அடிப்படை வாக்குறுதி? அவ்வாக்குறுதி நிறைவேறிற்றா என்று பார்ப்பது தன் பணியன்று எனச் சங்கமே கூறிற்று. கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் ஆராய்வதற்கெனப் போராடிப் பெறப்பட்ட துறையொன்று, பெருமளவு கறுப்பின ஆட்டக்காரரின் உழைப்பை நீடிப்பதற்கான கருவியாக்கப்பட்டமை இதிலே மறைந்துகிடக்கும் இன்னொரு கொடுமை.

அப்படியாயின் ஆற்றலுள்ளவன் கல்லூரியைத் தவிர்த்து நேரே தொழில்முறை அணிகளில் சேரலாமே என வினவலாம். அக்கதவும் இலகுவில் திறப்பதன்று. தேசிய உதைபந்தாட்ட லீக் உயர்பாடசாலைப் படிப்பு முடிந்து மூன்றாண்டுகள் கழியுமுன் ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை. கூடைப்பந்தாட்டத்தில் 2005ஆம் ஆண்டு ஒப்பந்தம் முதல் பத்தொன்பது வயது எல்லையாயிற்று. தொழில்முறை அணிகளுக்கு இதனால் செலவின்றியே பயிற்சிக்களம் கிடைத்தது.

தொழில்முறை ஆட்டக்காரரின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பேஸ்போல் அணிகள் ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஆட்டக்காரனைத் தம் உடைமைபோல் வைத்திருந்தன. 1969இல் தம்மை வேறோர் அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்த கேர்ட் ஃப்ளட் தொடுத்த வழக்கு 1972இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. ஆயினும் உருக்குத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் 1966 முதல் கட்டியெழுப்பிய ஆட்டக்காரர் சங்கம், நீதிமன்றம் தர மறுத்ததை 1975இல் நடுத்தீர்ப்பின் மூலம் பெற்றுக்கொண்டது. இதனை அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. தொழில்முறை ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தினால் வென்றனர். கல்லூரி ஆட்டக்காரரோ சட்டத்தரணிகளின் ஏகபோகத் தடை வழக்குகளினால் வென்று வருகின்றனர். வெற்றியின் வழி, வென்ற பொருளையும் தீர்மானித்துவிடுகின்றது.

அவ்வழக்குகளைச் சுருங்கக் காண்போம். 1995இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக (லொஸ் ஏஞ்சலிஸ்) அணிக்காக வெற்றிக்கிண்ணம் வென்ற எட் ஓபானன், பல்லாண்டுகளின் பின் வீடியோ விளையாட்டொன்றில் தமது உருவமே அனுமதியின்றி ஆடுவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி குளோடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, மேன்முறையீட்டில் அதன் ஒரு பகுதி நிலைத்தது. 2019இல் கலிபோர்ணியா மாநிலம், மாணவர் தமது பெயர், உருவம், சாயல் ஆகியவற்றாற் பணமீட்டுவதைத் தடுக்கலாகாதெனச் சட்டமியற்றிற்று. 2021 ஜூன் 21ஆம் திகதி ஓல்ஸ்ரன் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். 1984இன் அந்தப் போகிறபோக்குக் கருத்து தம்மைக் கட்டுப்படுத்தாதென்றனர். நீதிபதி கவனோ தனியே எழுதிய கருத்துரையில், வேறெந்தத் தொழிற்றுறையிலும் முதலாளிகள் கூடிக் கூலியைக் குறைத்து நிர்ணயிப்பது சட்டவிரோதமாகவே கருதப்படும் என்ற பொருள்பட உரைத்தார். பழைமைவாதியெனப் பெயர்பெற்ற நீதிபதி ஒருவரிடமிருந்து இது வந்தமை கவனிக்கற்பாலது. பத்து நாட்களில், 2021 ஜூலை 1ஆம் திகதி முதல், மாணவர் விளம்பர ஒப்பந்தங்கள் செய்துகொள்ளச் சங்கம் இடமளித்தது.

அடுத்து வந்தது ஹவுஸ் வழக்கின் இணக்கத்தீர்வு. 2025 ஜூன் 6ஆம் திகதி நீதிபதி வில்கனே இதனை ஏற்றார். 2016 முதல் ஆடியோர்க்கு ஏறக்குறைய 2.8 பில்லியன் டொலர் பத்தாண்டுகளிற் கொடுபடவேண்டும். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை தன் விளையாட்டாளர்க்கு நேரடியாகப் பகிரலாம். ‘அமெச்சூர்’ கொள்கை அன்றோடு நடைமுறையில் இறந்தது எனலாம்.

ஆயின் யாருக்கு என்ன கிடைத்தது? சந்தையின் இயல்பு நட்சத்திரத்தைத் தேடுவது. முன்னணி ஆட்டக்காரர் சிலர் மில்லியன்களைப் பெறுகின்றனர். அணிக்கு அணி தாவுதல் பெருகியுள்ளது. செல்வந்தரான பழைய மாணவர் கூட்டு நிதியங்கள் அமைத்து ஆட்டக்காரரை ஏலம் எடுக்கின்றனர். பாலர் வகுப்பு ஆசிரியையாக விரும்பிப் படகோட்டும் மாணவிக்கு இதில் எதுவுமில்லை. 1972இல் பால் அடிப்படையிலான பாகுபாட்டைக் கல்வி நிறுவனங்களில் தடைசெய்த சட்டத்துக்கு முன் கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் 30,000 பேரளவினரே. இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேல். அச்சட்டத்தின் சாதனை அது. ஆனால் ஹவுஸ் தீர்வின் கடந்தகால நட்டஈட்டில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உதைபந்தாட்டத்துக்கும் ஆண்கள் கூடைப்பந்தாட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டது. இதற்கெதிராக விளையாட்டு வீராங்கனையர் சிலர் 2025 ஜூனில் மேன்முறையீடு செய்தனர். புதிய கொடுப்பனவுகள் 1972இன் சட்டத்துக்கு உட்பட்டவை எனக் கல்வித் திணைக்களம் 2025 ஜனவரியில் அறிவித்தது. ஆட்சி மாறியதும் பெப்ரவரியில் அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. நீச்சல், படகோட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ் முதலிய வருவாயற்ற விளையாட்டுகள் உதைபந்தாட்டப் பணத்தினாலேயே வாழ்ந்து வந்தன. அப்பணம் குறையுமாயின் இவையே முதலிற் பலியாகும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. நிர்வாகிகள் இதனைத் தமக்கு வசதியாகப் பயன்படுத்துகின்றனர் என்பதற்காக நாம் அதனை அலட்சியஞ் செய்தல் கூடாது.

எனினும் மூலவினா தீரவில்லை. இப்பொழுது பகிரப்படும் பணம் உழைப்புக்குரிய ஊதியமாகவன்றி, பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்கான உரிமக் கட்டணம் என்ற வடிவிலேயே கொடுக்கப்படுகின்றது. ‘ஊழியர்’ என்ற சொல் கவனமாகத் தவிர்க்கப்படுகின்றது. பணத்தை விட்டுக்கொடுத்தாவது அச்சொல்லை விலக்கிவைக்க வேண்டுமென்ற முனைப்பு இதிலே தெரிகின்றது.

அச்சொல்லைக் கோரியோரும் இருந்தனர். 2014இல் நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியினர் தொழிற்சங்கம் அமைக்க விண்ணப்பித்தபோது, தேசியத் தொழிலுறவுச் சபையின் சிக்காகோப் பிராந்தியப் பணிப்பாளர் அவர்களை ஊழியரென ஏற்றார். வாக்கெடுப்பும் நடைபெற்றது. ஆனால் வாக்குப்பெட்டி முத்திரையிடப்பட்டது. 2015இல் சபை, அவர்கள் ஊழியரா அல்லரா எனக் கூறாமலே, இவ்விடயத்தில் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தப்போவதில்லை என ஒதுங்கிக்கொண்டது. வாக்குகள் எண்ணப்படவேயில்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணியினர் பதின்மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குகளால் தொழிற்சங்கத்திற் சேரத் தீர்மானித்தனர். டார்ட்மத்தில் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசிலே கிடையாது. பெருந்தொகை ஒளிபரப்பு ஒப்பந்தமும் இல்லை. அவர்கள் சேர்ந்ததோ அக்கல்லூரியின் ஏனைய தொழிலாளரை ஏற்கெனவே பிரதிநிதித்துவஞ் செய்துவந்த சங்கத்தில். பணத்தைப் பற்றியதே இவ்விவாதம் என்போர் இவ்வணியை விளக்கக் கடமைப்பட்டவர்கள். வாஷிங்டனில் ஆட்சி மாற்றம் நிச்சயமானபின், சபையின் புதிய அமைப்பு பாதகமான முன்தீர்ப்பு வழங்கிவிடும் என்ற நிலையில், 2024 டிசம்பர் 31ஆம் திகதி அவ்விண்ணப்பம் மீளப்பெறப்பட்டது. இதனிடையே 2024 ஜூலையில் மூன்றாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜோன்சன் வழக்கில், ‘அமெச்சூர்’ என்ற பெயர் ஒன்றே ஒருவரை ஊழியரல்லராக்கிவிடாது. பொருளாதார உண்மை நிலையை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும் என்றது.

நிர்வாகத்தின் நோக்கிலிருந்து பார்த்தாலும் தொழிற்சங்கத்தை மறுப்பது விசித்திரமானது. தேசிய உதைபந்தாட்ட லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆயினும் அது ஏகபோகத் தடைச் சட்டத்தில் அகப்படுவதில்லை. தொழிற்சங்கத்துடன் கூட்டுப் பேரம் பேசி ஏற்படுத்தப்பட்டமையால் சட்டம் அதற்கு விலக்களிக்கின்றது. அப்பேரத்தின் பயனாக அங்கே வருவாயில் ஏறக்குறைய அரைவாசி ஆட்டக்காரரைச் சேர்கின்றது. ஹவுஸ் தீர்வின் உச்சவரம்போ பெருங்கூட்டணிப் பல்கலைக்கழகங்களின் குறித்த சில வருவாய்களது சராசரியில் நூற்றுக்கு 22 எனக் கணிக்கப்பட்டது. எந்தத் தொழிற்சங்கத்துடனும் பேசப்பட்டதன்று. ஆகவே புதிய வழக்கு எதுவும் அதனை மீண்டும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். பேச்சுவார்த்தை மேசையிற் கிடைக்கக்கூடிய இப்பாதுகாப்பைப் பல்கலைக்கழகங்கள் காங்கிரசிடம் நாடின. 2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் முன்வைக்கப்பட்ட ‘ஸ்கோர்’ என்னும் சட்டமூலம் இரண்டு காரியங்களை ஒருங்கே செய்ய முனைந்தது: ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து சங்கத்துக்குப் பாதுகாப்பளித்தல் ஒன்று, விளையாட்டாளர் ஊழியராகக் கருதப்படலாகாது எனச் சட்டத்திலேயே எழுதிவிடுதல் மற்றது.